கடல் கடந்தார் கடிதங்களில் ‘நலம்’ என்னும் சொல்

தாம்பரம் புகைவண்டி நிலையத்தில் விடியற்காலையில் நிற்பார்க்கு ஒரு காட்சி புலனாகும். தென்மாவட்டங்களிலிருந்து வரும் வண்டிகளினின்றும் இளைஞர் சிலர் புதிய பெட்டிகளுடன் இறங்குவர். உடன் தாயோ தமையனோ வந்திருப்பர். மின்வண்டியில் ஏறி, நான்காம் நிலையமாகிய திரிசூலத்தில் இறங்கி, சுரங்கப் பாதை வழியே மீனம்பாக்கம் வானூர்தி நிலையம் சேர்வர். சிங்கப்பூர், துபாய், குவைத்து எனச் செல்லிடங்கள் வேறுபடினும், பிரிவு ஒன்றே. எழும்பூரினின்று தனுஷ்கோடிக்கு ஓடிய ‘போட் மெயில்’ வண்டியும், 1964 டிசம்பர்ப் புயலில் அவ்வூர் அழியும் வரையில், இலங்கை செல்வாரை ஏற்றிக்கொண்டு இத்தாம்பரத்தைக் கடந்தே சென்றது. ஆகவே இப்புறநகர் மக்களுக்குக் கடல் கடந்து செல்லுதல் புதுவது அன்று.

அயல்நாட்டில் உழைப்பார் படும் துன்பத்தைக் குறித்து எழுதப்பட்டன பல. ஆயின், அத்துன்பம் ஏன் இத்துணைக் காலம் மறைந்தே கிடந்தது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. வேலை வாங்குவோர் மறைப்பது ஒருபுறம் இருக்க, துன்புறுவோர் தாமும் அதனை மறைக்கின்றனர். மறைப்பதற்கு அவர் கொள்ளும் கருவி மொழியே. எனவே இவ்வாராய்ச்சி பொருளியலார்க்கு மட்டுமன்றி மொழி, இலக்கியம் பயில்வார்க்கும் உரியதாகிறது.

இலக்கிய மரபு

பொருள்வயிற் பிரிவு பாலைத் திணையில் விரிவாகப் பாடப்பெற்றுள்ளது. அப்பாடல்களில் பேசுவோர் யாவர் என நோக்குவோமாயின் ஓர் உண்மை விளங்கும். பிரிவிடை வருந்தும் தலைவி பேசுகிறாள். ஆற்றுவிக்கும் தோழி பேசுகிறாள். சுரத்திடை நின்று தலைவன் தன் நெஞ்சொடு பேசுகிறான். ஆயின், சென்ற நாட்டில் அவன் எத்தொழில் செய்தான், யாருக்குக் கீழ்ப்பட்டு நின்றான், ஈட்டிய பொருளுக்கு என்ன விலை கொடுத்தான் என்பன பெரும்பாலும் பேசப்படவில்லை. போர்ப்பாசறை காட்டப்பெறுகிறது, பொருள் ஈட்டும் களம் காட்டப்பெறுவதில்லை. பட்டினப்பாலைத் தலைவனோ புகார் நகரமே கிடைப்பதாயினும் பிரியேன் எனச் செலவழுங்குகின்றான்.

மகளிரொடு கடற்செலவு வழக்கன்று எனத் தொல்காப்பிய அகத்திணையியல் கூறும். அந்நூற்பாவின் ‘முந்நீர்’ என்பதற்கு இளம்பூரணர் கடல் எனப் பொருள் கொள்ள, நச்சினார்க்கினியர் ஓதல், தூது, பொருள் என்னும் மூவகைச் செலவு எனக் கொண்டார். எப்பொருள் கொள்ளினும், செல்வான் ஆடவன், இருப்பாள் மகள் என்பதே மரபு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்மரபு உடைந்தது. இலங்கை, மலேயா, பிஜி முதலிய நாடுகளின் தோட்டங்களுக்குப் பெண்டிரும் பெருந்தொகையினராய்ச் சென்றனர். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் அவர் பட்ட பாட்டைப் பாரதியார் பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டம் சேர்ந்த மருதி என்பாளின் கதையைப் புதுமைப்பித்தன் 1935இல் ‘துன்பக்கேணி’ எனப் படைத்தார். தோட்ட மக்கள் தாமே பாடிய பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து நூலாக்கினார். பாலைத் திணை காட்டாது விடுத்த களம் இவற்றில் வெளிப்பட்டது.

துண்டும் தகடும்

அக்களத்தில் துன்பம் மறைந்தமைக்கு முதற்காரணம் கடன். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி, ஊரிலேயே முன்பணம் கொடுத்தான். வழிச்செலவும் தொழிலாளியின் கணக்கில் ஏறியது. ஆட்கள் ஒரு தோட்டத்தினின்று மற்றொன்றுக்கு மாற வேண்டின், கடனைத் தீர்ப்பாரிடம் அவர்களை விடுவிப்பதாகத் துரை எழுதித் தரும் ‘துண்டு’ தேவைப்பட்டது. புதிய தோட்டத்தார் அக்கடனைத் தீர்த்துத் தம் கணக்கில் ஏற்றினர். இவ்வாறு துண்டு கைமாறுந்தோறும் கடன் வளர்ந்தது. தன் பெயரில் எவ்வளவு கடன் உளது என்பதைத் தொழிலாளி அறியாதிருத்தலும் உண்டு. 1901இல் வந்த தகரத் தகட்டு முறையில், தோட்டத்தின் எண் பொறித்த தகடே ஒருவன் எங்குச் செல்வான் என்பதை உரைத்தது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. உடலுழைப்பாளர் மலேயாவுக்குச் செல்வதை 1938இலும், இலங்கைக்குச் செல்வதை 1939இலும் இந்திய அரசு தடுத்தது.

துண்டு ஒழிந்தது, அதன் இயல்பு ஒழியவில்லை. 1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகள் தமிழரைப் பெருவாரியாக ஈர்த்தன. அங்கு நிலவிய ‘கபாலா’ முறையில் தொழிலாளியின் தங்குரிமை, அழைத்த முதலாளியைச் சார்ந்தே அமைந்தது. முதலாளியின் இசைவின்றி வேலை மாறுதல் அரிதாயிற்று; கத்தார் நாடு அவ்விசைவு வேண்டா என விதித்தது 2020இல்தான். கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கமும் பரவலாக இருந்தது. தகடு கழுத்தில் தொங்கியது. கடவுச்சீட்டு பிறர் பேழையில் கிடந்தது. இரண்டிடத்தும் ஆளைப் பிணித்தவை ஏடும் கடனுமேயாம். ஆள் சேர்க்கும் முகவர்க்குக் கொடுத்த பணம் வட்டிக்கு வாங்கியதாயின், துன்பம் பொறாது திரும்புவான் கடனோடே திரும்புவான். ஆகவே அவன் திரும்பான். திரும்பாமைக்குரிய காரணத்தையும் எழுதான்.

ஒரே நாளில் எழுதிய இரு கடிதங்கள்

குரோம்பேட்டைப் பகுதியினின்று எம்மிடம் பயில வந்த மாணவி ஒருவர், மறைந்த தம் தந்தையார் வளைகுடா நாட்டினின்று எழுதிய கடிதக் கட்டினைக் காட்டினார். குடும்பத்தார் இசைவுடன், பெயர் சுட்டாது, ஈண்டு அதனைக் குறிக்கிறேன். அக்கட்டில் ஒரே நாளிட்ட கடிதங்கள் இரண்டு உள. ஒன்று மனைவிக்கு, மற்றொன்று மனைவியின் தமையனுக்கு.

மனைவிக்கு வரைந்தது, நலம் கூறி நலம் வினவும் வழக்கமான தொடரோடு தொடங்குகிறது. வேலை நிழலில் என்றும், உணவுக்குக் குறைவில்லை என்றும், மகளின் பள்ளிச் செலவுக்குப் பணம் வந்து சேரும் என்றும் கூறுகிறது. அங்குள்ள கட்டடங்களையும் குளிர்காலத்தையும் இரண்டு பக்கம் வருணிக்கிறது. மைத்துனருக்கு வரைந்ததோ அரைப்பக்கமே. அதில் நலம் கூறும் தொடர் இல்லை. விளிக்குப்பின் செய்தியே நிற்கிறது. ஐந்து மாதமாகச் சம்பளம் இல்லை; கடவுச்சீட்டு கையில் இல்லை; முகவர்க்குக் கொடுக்க வாங்கிய கடனுக்கு வட்டி நிற்கிறது; ஆகவே எதையேனும் அடகு வைத்துத் தங்கையிடம் பணம் கொடுத்து, அஃது அயல்நாட்டினின்று வந்ததாகவே சொல்லுக என வேண்டுகிறது. அவரும் அவ்வாறே செய்தார். தம் தங்கை அறியாதவாறு முப்பது ஆண்டுக்கு மேல் அக்கடிதத்தைக் காத்து, மாணவியின் தந்தையார் மறைந்தபின் அதனை வெளிப்படுத்தினார். வளைகுடாப் பணம் என அவ்வீட்டார் உண்டது, பம்மலில் அடகு வைத்த நகையின் பணம்.

கட்டு முழுமையையும் நோக்கியபோது வேறொன்றும் புலனாயிற்று. சம்பளம் ஒழுங்காக வந்த காலத்துக் கடிதங்கள் சுருங்கியவை. வேலையின் சுமையைச் சிறிது முணுமுணுக்கவும் செய்கின்றன. துன்பம் மிக்க காலத்துக் கடிதங்களே நீண்டு, வருணனை மலிந்து, கவலை வேண்டா என்பதை மீண்டும் மீண்டும் கூறுகின்றன. ஒரு கட்டினைக் கொண்டு பொது விதி வகுத்தல் பொருந்தாது. எனினும், கடிதம் கூறுவதை மட்டும் கொண்டு வரலாறு எழுதுவார் பிழைபடுவர் என்பதற்கு இஃதொன்றே சாலும். இன்னொரு பக்கமும் உண்டு. அவ்வம்மையார் எழுதிய மறுமொழிகள் கிடைத்தில. அறைகள் மாறி வாழ்ந்தவர் அவற்றைக் காத்திலர். கூரை ஒழுகியதையும் தாம் நோயுற்றதையும் அவரும் எழுதாதிருந்தார் என மகள் கூறினார். இருபுறமும் நலமே எழுதப்பட்டது.

பிலிப்பீன் நாட்டு ஒப்புமை

இவ்வாறு மறைத்தல் தமிழர்க்கே உரியதன்று. பிலிப்பீன் நாட்டினர் உலகெங்கும் வீட்டுப்பணி, செவிலியர் பணி, கப்பற்பணி செய்கின்றனர். அவர் பெரிய பெட்டிகளிற் பொருள்களை நிரப்பி வீட்டுக்கு விடுப்பர். அப்பெட்டிக்கு வழங்கும் ‘பாலிக்பாயான்’ என்னும் பெயர் நாடு திரும்புவோனைக் குறிப்பது. ஆள் திரும்பாவிடத்துப் பெட்டி திரும்புகிறது. 1988இல் அந்நாட்டுத் தலைவர் கொரசோன் அக்கினோ அம்மையார், ஆங்காங்கில் வீட்டுப்பணி செய்த தம் நாட்டு மகளிரைப் புதிய வீரர் எனப் போற்றினார். வீரர் எனப்பட்டார் தம் துன்பத்தைச் சொல்லுதல் அரிது. புகழும் ஒரு திரையாகிறது. 1995இல் பிளோர் கொண்டெம்பிளாசியோன் என்னும் பணிப்பெண் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டபோது அத்திரை கிழிந்தது. நாடே கொதித்தெழ, அயல்நாட்டுத் தொழிலாளரைக் காக்கும் சட்டம் அவ்வாண்டே பிறந்தது. நம் நாட்டிலும் ‘வெளிநாட்டுக்காரர்’ என்னும் பெயர் மதிப்பைத் தருவது; அம்மதிப்பைக் காத்தற்பொருட்டே பலர் வாய் திறவாதிருக்கின்றனர்.

செய்யத்தக்கது

2015ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் குடிபெயர்வு ஆய்வு, அயல்நாடுகளில் வாழ்வார் ஏறத்தாழ 22 இலட்சம் எனக் கணக்கிட்டது. அவர்தம் வீடுகளில் கடிதங்கள் இருந்தன. எழுத்தறியாத தாய்மார்க்கெனப் பேசிப் பதிந்து அனுப்பிய ஒலிநாடாக்களும் இருந்தன. கைப்பேசி வந்தபின் கடிதம் எழுதுதல் நின்றது. ஒலிநாடாவோ ஆண்டுதோறும் கெடுகின்றது. வீடு மாறும்போதும் பழைய பெட்டிகளைக் கழிக்கும்போதும் இவையே முதலிற் குப்பைக்குச் செல்கின்றன. ஏடுகள் செல்லுக்கு இரையானமை குறித்து வருந்தும் நாம், நம் காலத்து ஏடுகள் நம் தெருவிலேயே அழிவதைக் காணாதிருத்தல் தகாது.

முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்திலும் அண்டையிலும் இக்கடிதங்களைக் கேட்டறிதல் வேண்டும். உரியவர் இசைவு பெறுதல், பெயர் மறைத்தல், படி எடுத்து மூலத்தைத் திருப்பித் தருதல் ஆகியவை கட்டாயம். ஒருவர் வெவ்வேறு உறவினர்க்கு எழுதியவற்றை நாள் முறையில் ஒப்பு நோக்குதல் இன்றியமையாதது. தாய்க்கு எழுதியதை நண்பர்க்கு எழுதியதன் பக்கத்தில் வைத்தாலன்றி உண்மை புலப்படாது.

அம்மாணவி இரு கடிதங்களையும் தம் தாயிடம் படித்துக் காட்டலாமா என எம்மை வினவினார். அதற்கு விடை கூறும் உரிமை எமக்கில்லை என்றேன். சில திங்கள் கழிந்தபின், படித்துக் காட்டியதாகவும், அன்னையார் நெடுநேரம் வாளா இருந்து, அவ்வாண்டில் தம் தமையன் தாலிச்சரடு அணிந்திராத தம் மனைவியை வீட்டுக்கு அழைத்து வந்தது இப்போதுதான் விளங்குகிறது எனக் கூறியதாகவும் தெரிவித்தார்.