கால்வாய் வழியே ஒரு காலம்

நூறாண்டுகளுக்கு முன் செங்கற்பட்டு ஜில்லாவின் கடற்கரைக் கிராமங்களுக்குச் சென்னைப் பட்டணத்தோடு இருந்த பிரதான சம்பந்தம் பக்கிங்ஹாம் கால்வாயே. தாது வருஷப் பஞ்சத்தில், பசித்தவர்களுக்குக் கூலி கொடுத்து அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டு, 1878இல் அன்றைய கவர்னரின் பெயரைப் பெற்ற அந்த நீர்வழியில், உப்பும் விறகும் ஏற்றிய தோணிகள், காற்று வாய்த்தால் பாய் விரித்தும், வாய்க்காவிடில் கரையோரம் நடக்கும் ஆட்கள் தோளில் கயிறு மாட்டி இழுக்கவும், அவசரமேதுமின்றி நகர்ந்தன. மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காண விரும்பிய துரைமார்களும் தோணியில் இரவெல்லாம் உறங்கியே வந்தார்கள். இன்றைய சாலைப் பிரயாணத்தில் அந்தச் சுகம் ஏது! செங்கற்பட்டில் ரயிலிறங்கியவர்களோ, திருக்கழுக்குன்றத்து மலைமேல் நடுப்பகலில் சர்க்கரைப் பொங்கல் உண்ண அந்நாளில் வந்த இரு கழுகுகளைத் தரிசித்துவிட்டு, மாட்டு வண்டியில் கடற்கரை சேர்ந்தார்கள்.