எஸ்.பி. ரோட்டுப் பெட்டியில் கேம் ஓடுமா?

பெங்களூரு டவுன் ஹாலிலிருந்து நடந்தே போய்விடலாம், சாதர் பத்ரப்பா சாலைக்கு. ஊர் மொத்தமும் அதை எஸ்.பி. ரோடு என்றுதான் சொல்கிறது. சென்னை ரிச்சி தெருவைப் பார்த்தவர்களுக்கு இங்குள்ள நெரிசல் புதிதாக இருக்காது. அடுக்கி வைத்திருக்கும் கறுப்புப் பெட்டிகளில் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்ற பெயர்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஏதோ ஒரு நிறுவனத்தில் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு, மொத்தமாகக் கழிக்கப்பட்ட கணினிகள் இவை. தூசி தட்டி, எஸ்எஸ்டி மாட்டி, விண்டோஸ் ஏற்றினால் மறுபடி விற்பனைக்குத் தயார். மூன்றாம், நான்காம் தலைமுறை ஐ5 பெட்டி பத்தாயிரம் ரூபாயைச் சுற்றிக் கிடைக்கிறது. கேம் ஆடுவதற்கென்றே புதிதாக ஒன்றை அசெம்பிள் செய்யப் போனால் அதைப் போல நான்கைந்து மடங்கு ஆகும்.

இந்த விலைதான் பி.யு.சி. படிக்கும் பையன்களையும் அவர்களுடைய அப்பாக்களையும் இங்கே இழுத்து வருகிறது. படிப்புக்கு என்று சொல்லி வாங்கினாலும் பையன் மனதில் வேலரன்ட்டோ ஜிடிஏயோ இருக்கும். “ஐ5, 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி. எல்லா கேமும் ஓடும் சார்” என்று கடைக்காரரிடமிருந்து ஒரே மூச்சில் பதில் வரும். சொன்ன மூன்றும் பெட்டிக்குள் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேம் ஓடுமா என்பதைத் தீர்மானிப்பவை அவையல்ல. எந்த கேம், கிராஃபிக்ஸ் கார்டு உண்டா, அதை வைக்கக் கேபினெட்டில் இடமும் ஓட்ட எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கியில் சக்தியும் உண்டா என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

ஒரே ஒரு பெட்டியை எடுத்துப் பார்த்தாலே இது விளங்கிவிடும். 2012-இல் வந்த ஆப்டிபிளெக்ஸ் 7010-இல் பரவலாக இருக்கும் பிராசசர், இன்டெல் ஐ5-3470. ஜிடிஏ 5 விளையாட்டு 2015-இல் கணினிக்கு வந்தபோது, ராக்ஸ்டார் நிறுவனம் ‘பரிந்துரைக்கும் பிராசசர்’ என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டது இதே ஐ5-3470-ஐத்தான். ஆக, மூளை போதும். அதே பட்டியலில் கிராஃபிக்ஸ் கார்டாகக் கேட்டது ஜிடிஎக்ஸ் 660. அலுவலகப் பெட்டியில் அது இருக்காது; பிராசசருக்குள்ளேயே இருக்கும் எச்டி 2500 கிராஃபிக்ஸ் மட்டும்தான் இருக்கும். எளிய கணினிகளிலும் ஓடும் என்று பெயர் வாங்கிய வேலரன்ட்கூடக் குறைந்தபட்சம் எச்டி 4000 கேட்கிறது. ஐ5 என்ற சொல்லை நம்பிக் காசைக் கொடுத்து வீட்டுக்கு எடுத்துப் போனால், பையன் ஆசைப்பட்ட கேம் திணறும்.

இந்த இடத்தில்தான் 75 வாட் என்ற எண் முக்கியமாகிறது. மதர்போர்டில் கார்டைச் செருகும் நீளமான ஸ்லாட் தன் வழியாக அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். அலுவலகப் பெட்டிகளில் பெரும்பாலும் அது கிடையாது. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐயும் 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-உம் இந்த 75 வாட்டுக்குள் அடங்குபவை. ஜிடிஎக்ஸ் 660 சாப்பிட்டது 140 வாட். அதைவிட வேகமான வேலையை 1050 டிஐ ஏறக்குறைய அதில் பாதி மின்சாரத்தில் செய்கிறது. ஆப்டிபிளெக்ஸ் 7010-இன் டவர் மாடலில் எஸ்எம்பிஎஸ் 275 வாட். பிராசசருக்கு 77, கார்டுக்கு 75 என்று கூட்டினால் 152. டிஸ்க், ஃபேன், மதர்போர்டு செலவைச் சேர்த்தாலும் கணக்கு நிம்மதியாக முடிகிறது. அலுவலகத்தில் எக்செல் ஓட்டிய பெட்டி கேமிங் கணினியாக மாறுவது இந்தக் கணக்கின் மேல்தான்.

இரண்டு கார்டுகளில் 1650-ஐத் தேடுவதே நல்லது. 1050 டிஐ வகையறாவுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் இன்னும் சில காலம் வரும். 1650-இலும் சில கம்பெனி மாடல்கள் தனி ஒயர் கேட்கும். வாங்கும்போது கார்டின் விளிம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் பெரிதாக மாற்றிக்கொண்டால் போகிறது என்று சிலர் நினைப்பார்கள். 7010-இல் அது நடக்கும், அதில் வழக்கமான 24 பின் இணைப்பு. அடுத்த ஆண்டு வந்த 9020-இல் டெல் தனக்கென்று ஒரு 8 பின் இணைப்பு வைத்தது. எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி1-இல் 6 பின். கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் எதுவும் இவற்றில் நேரடியாகப் பொருந்தாது. அடாப்டர் ஒயர் தேட வேண்டும்.

பெட்டியின் அளவு அதைவிடப் பெரிய விஷயம். ஒரே மாடல் எண்ணில் டவர், ஒல்லியான எஸ்எஃப்எஃப், புத்தகம் அளவுள்ள மைக்ரோ என்று பல உடம்புகள் உண்டு. மைக்ரோவில் கார்டுக்கு இடமே இல்லை. எஸ்எஃப்எஃப்பில் ‘லோ புரொஃபைல்’ எனப்படும் குட்டைக் கார்டு மட்டும்தான் நுழையும். அதன் விலையும் கூடுதல், தேடினாலும் எளிதில் அகப்படாது. மேசையில் இடம் அடைக்காது என்று ஒல்லிப் பெட்டியை வாங்கிவிட்டுப் பிறகு கார்டுக்கு அலைவதைவிட, கேம்தான் நோக்கம் என்றால் முதலிலேயே டவரைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

‘கேமிங் பிசி’ என்று வண்ண விளக்கோடு விற்கப்படுபவற்றில் இன்னும் கவனம் தேவை. உள்ளே இருப்பது ஜிடி 710 என்றால், அது திரைக்குப் படம் அனுப்ப உதவும் கார்டு, விளையாடுவதற்கானதல்ல. ஜிடி 730 என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சிப்புகளோடும் மெமரிகளோடும் கார்டுகள் வந்திருக்கின்றன. ‘4 ஜிபி கார்டு’ என்ற சொல்லும் வேகத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இதைவிட மோசம், பத்தாண்டுக்கு முந்தைய ஜிடிஎஸ் 450 போன்ற கார்டின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்பது. விண்டோஸை ஏமாற்றும் இந்தக் கார்டுகளை ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் காட்டிக்கொடுத்துவிடும். கார்டின் பெயருக்கு முன்னால் போலி என்று போட்டுவிடும். பென்டிரைவில் அதை எடுத்துப் போய்க் கடையிலேயே ஓட்டிப் பார்க்கச் சங்கடப்பட வேண்டியதில்லை. உழைத்துச் சேர்த்த காசு அது.

அடுத்து விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் விதி. அதைத் தாண்டிக் குதித்து மூன்றாம் தலைமுறைப் பெட்டியிலும் 11-ஐ ஏற்றிவிட முடியும். பார்க்கப் புதுசு போலவும் இருக்கும். ஆனால் வேலரன்ட்டின் காவல் மென்பொருளான வேன்கார்ட், விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0-உம் செக்யூர் பூட்டும் இல்லாவிட்டால் கேமைத் திறக்கவே விடாது. கேமுக்காகவே வாங்கிய கணினியில் அந்த கேமே வராமல் போகும். லினக்ஸுக்கு மாறினால் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஓடும், வேலரன்ட் ஓடாது.

பழைய பெட்டிகள் குப்பைக்குப் போகாமல் இன்னொரு வீட்டில் உழைப்பது நல்ல காரியம். அரசு அனுமதி பெற்ற நாட்டின் முதல் மின்கழிவு மறுசுழற்சி ஆலையான இ-பரிசரா 2005-இல் தொடங்கியது பெங்களூருக்கு வெளியே தாபஸ்பேட்டையில்தான். உருக்கிப் பிரிப்பதற்கு முன் இன்னும் சில ஆண்டுகள் பயன்படுமானால் அதுவே மேல்.

அதற்காக எல்லா கேமையும் இதில் எதிர்பார்க்க முடியாது. சைபர்பங்க் 2077 இப்போது குறைந்தபட்சமாகவே ஐ7-6700, ஜிடிஎக்ஸ் 1060, எஸ்எஸ்டி என்று கேட்கிறது. ஏவிஎக்ஸ் 2 என்ற வசதி இல்லாத மூன்றாம் தலைமுறைப் பிராசசரில் சில புது கேம்கள் திறப்பதே இல்லை. பட்ஜெட் கொஞ்சம் நீளுமானால், எட்டாம் தலைமுறை ஐ5 டவராகப் பார்ப்பது புத்திசாலித்தனம். நான்கு கோர் ஆறாகிறது, விண்டோஸ் 11-உம் முறையாக ஏறுகிறது. பிறகு 2024-இல் வந்த, 70 வாட்டில் அடங்கும் 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 வரைக்கும் போகலாம்.

கடையில் பெட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் வாட் எண் இருக்கும். ராம் ஒரே குச்சியாக இருந்தால் அதே அளவில் இரண்டு குச்சியாக மாற்றித் தரக் கேட்கலாம், கேமில் வேகம் கூடும். டெல்லின் சர்வீஸ் டேக்கை போனில் தட்டினால் பெட்டியின் வயது தெரிந்துவிடும்; 7010 என்ற பெயரையே 2023-இல் ஒரு புது மாடலுக்கும் டெல் வைத்திருப்பதால் பெயரை மட்டும் நம்பக் கூடாது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள், டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்று சொல்லும். ஆன் செய்யும்போது பயாஸில் பழைய நிறுவனத்தின் பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பெட்டியே வேண்டாம். பில்லில் வெறும் ‘ஐ5 சிபியு’ என்று எழுதாமல், பிராசசரின் முழு எண்ணையும் கார்டின் பெயரையும் வாரண்டி எத்தனை மாதம் என்பதையும் எழுதி வாங்க வேண்டும்; வெறும் ‘டெஸ்டிங் வாரண்டி’ என்றால் வீட்டில் போட்டுப் பார்க்கும் வரைதான் அது செல்லும். கார்டு இல்லாமல் 7010, 9020 வாங்குபவர்கள் டிஸ்பிளேபோர்ட் கேபிளையும் கையோடு வாங்கிவிடலாம், அந்தப் பெட்டிகளில் எச்டிஎம்ஐ இல்லை.