இலையைத் திருப்பிப் பாருங்கள்

கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்குக்கு ‘உலகின் சாலட் கிண்ணம்’ என்று பெயர். கண்ணுக்கு எட்டிய வரை லெட்யூஸ் வயல்கள். பர்கரில் வைக்கும் ஐஸ்பெர்க், நீள இலை ரோமெய்ன் எல்லாம் அங்கே ஏக்கர் கணக்கில் விளைகின்றன. அமெரிக்காவில் சாலையோரம், தரிசு, வரப்பு என்று பல இடங்களிலும் ஆளுயரத்துக்கு ஒரு களை மண்டிக் கிடக்கும். அதுவும் லெட்யூஸ்தான். தாவரவியலில் லாக்டுகா செரியோலா. தோட்டத்து லெட்யூஸுக்கு மூதாதை. இரண்டுக்கும் குரோமோசோம் 18. ஒன்றோடொன்று கலந்தாலும் முளைக்கும் விதை கிடைக்கும்.

குளிரில் கொழுகொழுவென்று உருண்டு நிற்கும் தோட்டக் கீரையை யாரும் காட்டுச் செடி என்று நினைக்கமாட்டார்கள். வெயில் ஏறி அது தண்டு விட்ட பிறகுதான் குழப்பமே. இலை சிறுத்துக் கசக்கும், உச்சியில் சின்னச் சின்ன மஞ்சள் பூ வரும், கிள்ளினால் பால் வடியும். ஊட்டிக் குளிரில் நன்றாக வரும் இந்தக் கீரை சமவெளியில் எவ்வளவு சீக்கிரம் தண்டு விடுகிறது என்பது மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அந்த நிலையில் பூவும் பாலும் கசப்பும் இரண்டிலும் ஒன்றுதான். அவற்றை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். காட்டு லெட்யூஸில் அடிப்பக்கத்து நடுநரம்பு நெடுக, ரம்பப் பல் போல ஒற்றை வரிசையில் முட்கள் இருக்கும். விரலை ஓட்டினால் சுருக்கென்று தைக்கும். இலை விளிம்பிலும் பொடி முள் உண்டு. தோட்ட ரகங்களில் அந்த நரம்பு பொதுவாக வழவழவென்று இருக்கும். இளங்கன்றில் முள் சன்னமாக இருப்பதால் பார்த்தால் போதாது, தடவியே பார்க்க வேண்டும்.

நன்றாக வெயில் படும் இடத்தில் இன்னொரு அடையாளமும் உண்டு. காட்டுச் செடியின் தண்டு இலைகள் அடியில் முறுக்கிக்கொண்டு செங்குத்தாக நிற்கும். பெரும்பாலும் வடக்கு தெற்காக. காலை, மாலை வெயில் இலைப் பரப்பில் விழும். உச்சி வெயில் விளிம்பில் மட்டும் படும். திசைகாட்டிச் செடி என்ற பெயர் அதனால் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் விதையில் இருக்கிறது. விதை முற்றியதும் காட்டுச் செடியில் பூவடிச் செதில்கள் பின்னால் மடங்கிக்கொள்ளும். பஞ்சு முளைத்த விதைகளைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். தோட்டச் செடியில் அந்தச் செதில்கள் நிமிர்ந்தே நின்று விதையைப் பிடித்துவைத்திருக்கும். 445 லாக்டுகா வகைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2021-இல் வெளியான ஆய்வு, காகசஸ் பகுதியில் ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் இந்தச் செடி பயிரானபோது முதலில் நடந்த மாற்றமே விதை உதிராத குணம்தான் என்கிறது. விதை சிதறாத செடிகளாகப் பார்த்துச் சேர்த்துவைத்தவர்கள் செய்த வேலை அது.

காட்டு லெட்யூஸோ என்று மயங்க வைக்கும் சாங்கஸ் என்ற களையிலும் பால் வடியும், விளிம்பில் முள்ளும் இருக்கலாம். ஆனால் நடுநரம்பில் முள்வரிசை கிடையாது.

லாக்டுகா விரோசா என்ற இன்னொரு காட்டு இனத்தைப் பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். விதை கிட்டத்தட்ட கறுப்பு. 19-ஆம் நூற்றாண்டில் இதன் உலர்ந்த பாலை அபினுக்கு மாற்றாக மருத்துவர்கள் கொடுத்தார்கள். இன்றைக்கும் வலி நிவாரணி என்று சொல்லி விற்கிறார்கள். அதில் அபின் இல்லை. லாக்டுசின் முதலான கசப்புப் பொருள்கள்தான் உண்டு. இதைத் தின்று நஞ்சேறிய 8 பேரைப் பற்றி ஈரான் மருத்துவர்கள் 2009-இல் பதிவு செய்திருக்கிறார்கள். யார் சொன்னாலும் பறித்துத் தின்ன வேண்டாம்.

களை என்று பிடுங்கி எறியும் இந்தச் செடிகளை நம்பித்தான் தோட்டத்து லெட்யூஸ் பிழைத்திருக்கிறது. அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் மரபணுக்கள் பல செரியோலாவிலிருந்து வந்தவை. இலை அசுவினியை எதிர்க்கும் குணம் விரோசாவிடம் இருந்தது; ஆனால் தோட்ட லெட்யூஸோடு அது எளிதில் ஒட்டுறவு கொள்ளவில்லை. 1980-களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் விரோசாவை முதலில் செரியோலாவோடு கலந்து, அந்தக் கலப்பைத் தோட்ட ரகத்தோடு சேர்த்து, அசுவினி அண்டாத கீரையை உருவாக்கினார்கள்.