வாணியாறு தரும் அவகாசம்

தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டியை அடுத்த முள்ளிக்காட்டில், சேர்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது வாணியாறு அணை. உயரம் 65.27 அடி. நிரம்பினால் சுமார் 418 மில்லியன் கன அடி தண்ணீர் நிற்கும். மேட்டூர் அணையின் கொள்ளளவு 93,470 மில்லியன் கன அடி. அதில் இருநூறில் ஒரு பங்குகூட இது தேறாது. ஆனால் இந்தச் சின்ன அணையை நம்பியிருக்கும் ஆயக்கட்டு 10,517 ஏக்கர்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அணையில் நிற்கும் மொத்தத் தண்ணீரையும் ஒரு சொட்டு வீணாகாமல் ஆயக்கட்டு முழுக்கப் பரப்பினால் எவ்வளவு உயரம் நிற்கும்? சுமார் 11 அங்குலம். ஒரு போக நெல்லுக்கு நான்கு அடி வரை தண்ணீர் தேவைப்படும். அப்படியானால் இந்த அணை எதற்கு?

பதில் மலையிலிருந்து தொடங்குகிறது. தர்மபுரியின் சராசரி ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர். சேர்வராயன் மலைமேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டிலோ இதைவிட மிக அதிகம். ஈரக்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து அங்கேயே கொட்டிவிடுகிறது. அந்த மழையின் ஒரு பகுதிதான் வாணியாறாக இறங்கி, அரூர் பக்கம் ஓடி, தென்பெண்ணையில் சேர்கிறது. மலை ஆற்றுக்கு நிதானம் கிடையாது. இரண்டு நாள் மழைத் தண்ணீர் இரண்டு மூன்று நாளில் ஊரைத் தாண்டிப் போய்விடும். அதைப் பிடித்து நிறுத்தி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் அணையின் வேலை. பருவத்தில் வெள்ளம் மறுபடி வந்தால் மறுபடி நிரம்பும். ஆகவே, எவ்வளவு நிற்கிறது என்பதைவிட எத்தனை நாளுக்கு ஓடுகிறது என்பதே இங்கே முக்கியம்.

தண்ணீர் திறக்கும்போது பழைய ஆயக்கட்டுக்கு ஒரு முறை, வலதுபுற, இடதுபுறக் கால்வாய்களுக்கு ஒரு முறை என்று மாற்றி மாற்றி விடுகிறார்கள். முறைப் பாசனம். அந்தத் தண்ணீர் வயலுக்கு மட்டும் போவதில்லை. வெங்கடசமுத்திரம், ஆலாபுரம், தென்கரைக்கோட்டை என்று வழியிலுள்ள ஏரிகளுக்கும் போகிறது. ஏரியில் பரப்பினால் வெயிலுக்கு ஒரு பங்கு போகத்தான் செய்யும். இந்தப் பகுதியில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை ஆவியாகும். இருந்தும் ஏரிக்கு விடுவது சரியான காரியம் என்றே சொல்வேன். காரணம் மண்ணுக்குக் கீழே இருக்கிறது.

தர்மபுரியின் அடித்தளம் கெட்டிப் பாறை. பெரும்பாலும் நைஸ், சார்னகைட் வகைகள். காவிரி டெல்டாவின் மணலைப் போல இது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. மேலாக மட்கிச் சிதைந்த பாறையிலும், அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே தண்ணீர் தங்கும். மட்கிய பாறையில் நூறு கன அடி எடுத்தால், அதிலிருந்து வடிந்து கிணற்றுக்கு வரக்கூடியது ஒன்றிலிருந்து மூன்று கன அடிதான். இதில் ஒரு நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. நூற்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால், வெறும் இரண்டரை அங்குலத் தண்ணீர் கீழே இறங்கினாலே கிணற்று நீர்மட்டம் பத்து அடி ஏறிவிடும். மேலே பார்த்த 11 அங்குலத்தில் கால் பங்குகூட இல்லை அது! ஏரி நிரம்பிய சில வாரங்களில், காய்ந்து கிடந்த கிணற்றில் நான்கைந்து படிகள் முழுகுவதற்குக் காரணம் இதுதான். கெட்டது என்னவென்றால், ஏறிய அதே வேகத்தில் மட்டம் இறங்கியும் விடும். மோட்டாரை இரவு பகலாக ஓட்டினால் அந்த இரண்டரை அங்குலம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? கரும்பும் மஞ்சளும் மரவள்ளியும் கோடை தாண்டி நிற்பது, ஏரி மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும் ஊர்களில்தான்.

ஆயிரம் அடிக்கு போர் போட்டால் தீர்ந்துவிடாதா? ஆழத்தில் வெடிப்புகள் குறைவு. காற்று மட்டும் வரும் போர்களை இந்த மாவட்டத்தில் ஊர் ஊராகப் பார்க்கலாம். தண்ணீர் வந்தாலும் இன்னொரு சிக்கல். பாறையோடு நீண்ட காலம் ஒட்டிக் கிடக்கும் நீரில், பாறையின் தாதுக்களிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து சேர்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பற்களும் எலும்புகளும் கெடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் பட்ட இந்த அவதிக்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. குடிக்க அது உதவும். பயிருக்குக் காவிரித் தண்ணீர் குழாயில் வராது. புதிதாக இறங்கும் மழைத்தண்ணீர் மேல்மட்டக் கிணறுகளில் ஃப்ளோரைடின் செறிவைக் குறைக்கவும் உதவும். ஏரிகளை நிரப்புவதில் இந்த லாபமும் சேர்ந்தே இருக்கிறது.

சின்ன அணையிடம் எதிர்பார்க்கக் கூடாததும் ஒன்று உண்டு. பெருவெள்ளத்தை அது தடுக்காது. வினாடிக்கு 10,000 கன அடி வந்தால், காலியாக இருக்கும் வாணியாறு அணைகூட 12 மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். அதன்பின் வருவதெல்லாம் அப்படியே வெளியேற வேண்டியதுதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் கீழே உள்ளவர்களைக் காப்பாற்றுவது முன்கூட்டிய எச்சரிக்கையும், ஆக்கிரமிப்பு இல்லாத ஆற்றுப்படுகையும்தான்.

அணையும் ஏரிகளும் ஆண்டுதோறும் கொஞ்சம் கொள்ளளவை வண்டலுக்கு இழக்கின்றன. மலையிலிருந்து வரும் வெள்ளம் மண்ணையும் கொண்டுவருகிறது. தண்ணீர் நின்றதும் மண் படிந்துவிடுகிறது. ஏரி வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி அள்ளிக்கொள்ள 2017-ல் தமிழக அரசு அனுமதித்தது நல்ல ஏற்பாடு. வயலுக்கு உரமாகிறது, ஏரிக்கு ஆழம் கிடைக்கிறது. ஆனால் கண்மூடித்தனமாகத் தோண்டக் கூடாது. கரையை ஒட்டித் தோண்டினால் கரை பலவீனமாகும். மதகின் மட்டத்துக்குக் கீழே பள்ளம் விழுந்தால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது.

ஏரியைவிட அவசரமாகக் கவனிக்க வேண்டியது அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய். கருவேல முள்ளும் குப்பையும் அடைத்த கால்வாயில் தண்ணீர் தேங்கி, தலைமடையிலேயே பாதி இறங்கிவிடும். முறை நாள் முடிந்து ஷட்டரை அடைக்கும்போது கடைமடை ஏரிக்கு முன்தண்ணீர்தான் வந்து சேர்ந்திருக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசி முடிவதற்குள் கால்வாயைத் தூர்வாரிவிட்டால், அணையின் கொள்ளளவில் ஒரு கன அடிகூடக் கூட்டாமலே கடைசி ஏரி வரைக்கும் தண்ணீரைக் கொண்டுபோக முடியும்.