மாடி யாருது?

சென்னையில் தாராளமாகக் கிடைப்பது வெயில் ஒன்றுதான். ஒரு கிலோவாட் சோலார் பேனலுக்கு நிழல் விழாத மொட்டை மாடி 100 சதுர அடி போதும். தினம் சுமார் 4 யூனிட் கரண்ட்! (வேண்டியது வெளிச்சம்தான். கத்திரிச் சூட்டில் பேனலும் நம்மைப் போலவே கொஞ்சம் சோம்பும்.) சென்ட்ரல் ஸ்டேஷன் கூரைகளில் 1.5 மெகாவாட் போட்டு, 2021-லேயே பகல் கரண்ட்டைச் சமாளித்துவிட்டார்கள்.

எங்கள் ஃபிளாட்டில்? எட்டு வீடு, ஒரே மாடி. 'லிஃப்ட், மோட்டாருக்கு அசோசியேஷன் பேரில் போடலாம் சார். 2024 திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மத்திய அரசு மானியம்' என்றேன் மீட்டிங்கில்.

'அப்ப வடாம் எங்கே காயப் போடறது?' - மூணாம் நம்பர் மாமி.

'நான் லிஃப்ட்லயே ஏறினதில்லை. எதுக்குப் பணம் போடணும்?' - கீழ் வீட்டுக்காரர்.

'அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்' என்று மினிட்ஸில் எழுதினார் செக்ரட்டரி. அந்தக் கூட்டத்துக்கு நானும் அவரும்தான் வந்தோம். மெயின்டெனன்ஸ் 300 ரூபாய் ஏறிவிட்டது. மாமி வீட்டு வடாம் மட்டும் மொறுமொறு!