தன்னுறு தொழிலாகக் கரவுக்கலம்: வெட்சித்திணை நோக்கில் 'பிளாக்பேர்டு' விண்கலமும் எம்டன் கப்பலும்

ஆய்வுச்சுருக்கம்

'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்னும் அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரில், போர்க்கலம் ஒன்றின் பணியாளர்கள் எஞ்சிய பொருள்களைக் கொண்டு 'பிளாக்பேர்டு' என்னும் விண்கலத்தை அமைக்கின்றனர். பகைவரின் உணர்கருவிக்கு அது புலப்படுவதில்லை. 1914-இல் சென்னையைத் தாக்கிய எம்டன் கப்பலின் பணியாளர்களும் மரத்தையும் கித்தான் துணியையும் கொண்டு தம் கப்பலுக்கு ஒரு மாற்றுருவம் தந்தனர். புனைவும் வரலாறுமாகிய இவ்விரு நிகழ்வுகளையும் புறத்திணை இலக்கணம் கூறும் வெட்சி, காஞ்சி ஆகிய திணைகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வெட்சி, காஞ்சி, கரவு, தன்னுறு தொழில், எம்டன், அறிவியல் புனைவு

முன்னுரை

அயல்மொழி அறிவியல் புனைவுகளைத் தமிழ் இலக்கணக் கோட்பாடுகளால் அணுகும்போது, பழம்பெயரைப் புதுப்பொருளின்மேல் ஒட்டுவதோடு ஆய்வு நின்றுவிடுகிறது என்னும் குறை கூறப்படுவதுண்டு. இக்குறை புறக்கணிக்கத்தக்கதன்று. ஒரு கோட்பாடு பொருந்துகிறது என்று காட்டுவது மட்டும் போதாது. அது இல்லாவிடில் கண்ணுக்குப் படாத ஒன்றை அது காட்டித்தர வேண்டும். அவ்வளவுகோலையே இக்கட்டுரை தனக்கும் வைத்துக்கொள்கிறது. பகைவரின் கருவிகளுக்கும் கண்ணுக்கும் தப்பிச் செல்லும் கலத்தை இங்குக் 'கரவுக்கலம்' எனக் குறிக்கிறோம். 'கரத்தல்' என்பதற்கு ஒளித்தல், மறைத்தல் என்னும் பொருள்கள் உண்டாதலின் இச்சொல் ஏற்புடையது.

வெட்சியும் களவும்

பகைவரின் ஆநிரையை அவரறியாமல் கவர்ந்து வந்து காப்பது வெட்சி. தொல்காப்பியம் அதனைக் குறிஞ்சிக்குப் புறனாக வைக்கிறது. குறிஞ்சிக்குரிய மலைசார்ந்த இடமும், யாமப்பொழுதும், களவொழுக்கமும் நிரை கவர்தலுக்கும் பொருந்துதலை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். எனவே போர் வகைகளுள் கரவை இயல்பாகக் கொண்ட திணை வெட்சியே எனலாம்.

வெட்சித்துறைகளின் அடைவு நோக்கத்தக்கது. அயலார் அறியாவண்ணம் செல்லும் செலவு, ஒற்றால் பகைப்புலத்தை அறியும் வேய், நிரையைக் கைக்கொள்ளும் ஆகோள், அதனைப் பங்கிடும் பாதீடு, வெற்றி மகிழ்ச்சியில் உண்டாடும் உண்டாட்டு என அது விரிகிறது. தொல்காப்பியம் வெட்சியை வேந்தனால் விடுக்கப்பட்ட வீரரின் செயலாகக் கூறுகிறது. பிற்காலத்து ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையோ அதனை மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என இருவகையாக்குகிறது. முன்னது அரசன் ஆணையால் நிகழ்வது. பின்னது வீரர் தாமே கருதிச் செய்வது. இவ்வேறுபாடே இக்கட்டுரைக்கு அடிப்படையாகும்.

எம்டன்: சேர்த்து மறைத்தல்

எம்டன் செருமானியக் கடற்படையின் இலகுவகைப் போர்க்கப்பல். 1914 ஆகஸ்டில் மரியானாத் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த பாகன் தீவில் செருமானியக் கடற்படை அணி கூடியபோது, தனித்துப் பிரிந்து இந்தியப் பெருங்கடலில் வணிகக் கப்பல்களைத் தாக்கலாம் என்னும் கருத்தை முன்வைத்தவர் அதன் தளபதி கார்ல் ஃபொன் முல்லர். அணித்தலைவர் ஃபொன் ஸ்பே அதனை ஏற்றார். தன்னுறு தொழிலாகத் தோன்றி மன்னுறு தொழிலாக இசைவு பெற்ற செயல் இது.

எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. இந்தியப் பெருங்கடலில் அதனைத் தேடிய பிரித்தானியக் கப்பல்களுள் சில நான்கு புகைபோக்கிகள் கொண்டவை. முதல் துணை அதிகாரி ஹெல்முத் ஃபொன் முக்கே கூறிய யோசனைப்படி, பணியாளர்கள் மரச்சட்டத்தின்மேல் கித்தானைப் போர்த்தி நான்காவது புகைபோக்கி ஒன்றைச் செய்தனர். தொலைவிலிருந்து காண்போர்க்கு எம்டன் 'யார்மவுத்' என்னும் பிரித்தானியக் கப்பலாகத் தோன்றியது. எதையும் அகற்றாமல், ஒன்றைக் கூட்டிச் செய்த கரவு இது. காண்பவன் எதைக் காண எதிர்பார்க்கிறானோ அதனையே அவன் முன் நிறுத்துதல் இதன் நுட்பம். திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் ஐயுறப்படாத உருவத்தை ஒற்றனுக்கு வேண்டுவதும் இதே காரணம் பற்றியதாகும்.

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தருகே எம்டன் வந்தபோது அதற்கு இருளே துணையாயிற்று. நகரில் விளக்குகள் அணைக்கப்படவில்லை. அந்நாளில் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் அமைந்திருந்த கலங்கரை விளக்கமும் எரிந்துகொண்டிருந்தது. சுமார் அரை மணி நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் வீசப்பட்டன. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. அச்சத்தால் மக்கள் பலர் நகரை விட்டு நீங்கினர். உயர் நீதிமன்ற மதிலில் உள்ள நினைவுக் கல்வெட்டு அத்தாக்குதலை இன்றும் குறிக்கிறது.

அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைமுகத்தினுள் போலிப் புகைபோக்கியுடன் நுழைந்த எம்டன், செருமானியக் கொடியை ஏற்றியபின் உருசியாவின் 'செம்சுக்' கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கொக்கோசுத் தீவில் அக்கரவு பயன்படவில்லை. நான்காவது புகைபோக்கி போலியானது என்பதைத் தந்தி நிலையத்தார் கண்டுகொண்டு செய்தி அனுப்பினர். அச்செய்தி கேட்டு வந்த ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பல் எம்டனை அழித்தது.

எம்டன் நிகழ்வின் தடம் தமிழில் சொல்லாக நிலைத்தது. மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பகுதிகளில் கண்டிப்பான தந்தையையோ எளிதில் பிடிகொடாத சூழ்ச்சிக்காரரையோ 'எம்டன்' என்று சுட்டும் பேச்சுவழக்கை இன்றும் கேட்கலாம். 2006-இல் 'எம்டன் மகன்' எனப் பெயரிடப்பட்ட திரைப்படம், தமிழ்ப்பெயருக்கான கேளிக்கை வரிவிலக்கைக் கருதி 'எம் மகன்' என மாற்றப்பட்டது. பேச்சில் தமிழாகிவிட்ட சொல் ஆணையில் தமிழாகவில்லை.

பிளாக்பேர்டு: நீக்கி மறைத்தல்

இனி, புனைவின் கரவுக்கலத்தைக் காண்போம். ரொனால்டு டி. மூர் புதிதாக உருவாக்கிய 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொடரில், மனிதர் படைத்த சைலன் எனும் இயந்திர இனம் மனித உலகங்களை அழித்துவிடுகிறது. எஞ்சிய ஐம்பதாயிரம் பேரளவினரை 'கலாக்டிகா' என்னும் போர்க்கலம் காத்துச் செல்கிறது. 2005 செப்டம்பரில் ஒளிபரப்பான 'ஃபிளைட் ஆஃப் தி ஃபீனிக்ஸ்' பகுதியில், போர்விமானங்கள் குறைந்து, பழுதுபார்ப்போர் சோர்ந்திருக்கும் நிலையில், அவர்களின் தலைவர் டைரல் புதிய விமானம் ஒன்றைக் கட்டத் தொடங்குகிறார். மேலிடத்து ஆணை எதுவும் இல்லை. முதலில் எள்ளியவர்களே பின்னர் ஒவ்வொருவராகத் துணைக்கு வருகின்றனர்.

புறத்தகட்டுக்கு உலோகம் போதாமையால் பணி தடைப்படுகிறது. டைரலுடன் பகை கொண்டிருந்த ஹீலோ என்னும் வீரர் கரிமக் கூட்டுப்பொருளைப் பயன்படுத்தலாம் என்கிறார். அதன் விளைவாக அவ்விமானம் உணர்கருவியில் தென்படாமற் போகிறது. கரவு இங்குத் திட்டமிடப்பட்டதன்று, வறுமையின் விளைவு. எம்டன் பொய்க்குறியைச் சேர்த்தது. பிளாக்பேர்டோ மெய்க்குறியை இழந்தது.

இவ்விளக்கம் அறிவியல் நோக்கில் எளிமைப்படுத்தப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். கரிம இழை மின்கடத்தும் தன்மையுடையது. ரேடார் அலையை அது எதிரொளிக்கவும் செய்யும். 1981-இல் முதன்முதல் பறந்த எஃப்-117 போன்ற மெய்யான கரவு விமானங்களில், அலைகளை வேறு திசைக்குத் திருப்பும் வடிவமைப்பும், அவற்றை உள்வாங்கும் பூச்சுமே முதன்மையானவை. எனினும் புனைவு நாடுவது இயற்பியல் நுட்பத்தை அன்று. 'இல்லாமை'யே ஆற்றலாக மாறும் தருணத்தை.

கலம் முடிந்ததும் நோயுற்றிருக்கும் குடியரசுத் தலைவர் ரோஸ்லினின் முதற்பெயரான 'லாரா' அதற்குச் சூட்டப்படுகிறது. தன்னுறு தொழில் அரசின் ஏற்பைப் பெறும் இடம் இது. அடுத்த பகுதிகளில் அது முழுமையாக மன்னுறு தொழிலாகிவிடுகிறது. முதலில் பகைக்கூட்டத்திடையே சென்று இனந்தெரியாத கலம் ஒன்றைப் படம்பிடிக்கிறது, இது வேய். அக்கலம், இறந்த சைலன்களின் நினைவு புதிய உடலில் மீண்டும் பிறப்பதற்கு உதவும் மறுபிறப்புக் கலம் என்பது தெரியவருகிறது. பின்னர், 2006 சனவரியில் ஒளிபரப்பான பகுதியில், லீ அடாமா பிளாக்பேர்டைச் செலுத்தி அதன் பாய்ச்சல் பொறியைத் தகர்த்து, அது தப்பிச் செல்ல இயலாதபடி செய்கிறார். நிரை எவ்வாறு பண்டைக் குடிக்கு வாழ்வாதாரமோ அவ்வாறே மறுபிறப்புக் கலம் சைலன்களுக்கு. பகைவரைக் கொல்வதினும் அவர் வாழ்வாதாரத்தைக் குறிவைப்பதே வெட்சியின் இயல்பாதலின், இச்செயல் அத்திணையோடு நெருங்கி நிற்கிறது.

பொருந்தாமையும் அதன் பயனும்

ஆயினும் முழுமையாகப் பொருந்தவில்லை. நிரை உயிரோடு கவரப்பட்டுக் காக்கப்பெறும். மறுபிறப்புக் கலமோ அழிக்கப்படுகிறது. பங்கிடுவதற்கு எதுவும் இல்லாமையால் பாதீடும் இல்லை. சிதறிய துண்டுகளில் மோதிப் பிளாக்பேர்டு அழிகிறது. லீ வெட்டவெளியில் மிதந்தபடி தொலைவில் நிகழும் போரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மீட்கப்பட்டபின், உயிரோடு திரும்ப விரும்பவில்லை என்று தோழியிடம் ஒப்புக்கொள்கிறார். உண்டாட்டு அமைய வேண்டிய இடத்தில் இவ்வெறுமை அமைகிறது.

இது தொல்காப்பியம் கூறும் காஞ்சித்திணையின் நிலையாமைப் பொருளுக்கு உரியது. வெட்சியாகத் தொடங்கிய கதை, வெட்சியின் இறுதித்துறைகளை எய்தாமல் காஞ்சியில் முடிகிறது. பகைவரின் மறுபிறப்பை நீக்கச் சென்றவனே தன் உயிர்மேல் பற்றிழக்கும் முரண், திணை வரிசையை அளவுகோலாகக் கொள்ளும்போதுதான் தெளிவாகிறது. வீரச்செயல் வெற்றியில் முடிந்தது என்று மட்டும் கதையைச் சுருக்கினால் இம்மாற்றம் மறைந்துவிடும்.

முடிவுரை

கரவு என்பது ஒருவகைப்பட்டதன்று. பொய்க்குறியைச் சேர்த்து மறைத்தலும் மெய்க்குறியை நீக்கி மறைத்தலும் என அது இருவகைப்படும். எம்டன் முன்னதற்கும் பிளாக்பேர்டு பின்னதற்கும் சான்றாகின்றன. இரண்டும் கைக்கெட்டிய பொருளைக் கொண்டு பணியாளர்கள் செய்தவை. இரண்டிலும் வீரர் தாமே கருதியது பின்னர் ஆணையோடு இணைந்தது. மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என்னும் பகுப்பு இவ்விணைவை விளக்கப் போதிய கருவியாகிறது. கோட்பாடு பொருந்தும் இடங்களோடு, அது பொருந்தாது விலகும் இடங்களையும் ஆய்வு பதிவுசெய்தல் வேண்டும். பிளாக்பேர்டின் கதையில் பாதீடும் உண்டாட்டும் இல்லாத அந்த இடைவெளியே, வெற்றிக்குப் பின் அவ்வீரன் இழந்தது யாது என்பதைக் காட்டித்தந்தது.