கண் எதிரே கோமாளி, கண்ணில் படவில்லை!
போன் பேசும்போது மனம் எங்கே போகிறது?

அமெரிக்காவின் மேற்குக் கோடியில் வாஷிங்டன் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. தலைநகரான வாஷிங்டன் வேறு, இது வேறு. அந்த மாநிலத்தில் பெல்லிங்காம் என்பது ஓர் ஊர். அங்கே ஒரு சர்வகலாசாலை. அதன் நடுவே விசாலமான முற்றம். மாணவர்கள் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போவார்கள்.

ஒரு நாள் அந்த முற்றத்தில் ஒரு கோமாளி தோன்றினான். ஊதாவும் மஞ்சளுமாகப் பளபளக்கும் உடை. பெரிய பெரிய பூட்ஸ். சிவப்பு மூக்கு. அவன் ஏறி வந்ததோ ஒற்றைச் சக்கர சைக்கிள்!

முற்றத்தைக் கடந்து வந்தவர்களைச் சிலர் நிறுத்தினார்கள். "ஒற்றைச் சக்கர சைக்கிளில் போன கோமாளியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள்.

செல்போனில் பேசிக்கொண்டே நடந்து வந்தவர்களில் நூற்றுக்கு 25 பேர்தான் "பார்த்தோம்" என்றார்கள். மற்ற 75 பேருக்கும் கோமாளி வந்ததே தெரியாது!

இந்தச் சோதனையை நடத்தியவர் ஐரா ஹைமன் என்ற மனோதத்துவப் பேராசிரியர். அவரும் அவருடைய மாணவர்களும் 2009ஆம் ஆண்டில் இதன் முடிவை வெளியிட்டார்கள்.

பாட்டு கேட்டவர்கள் பார்த்தார்கள்

"காதில் போன் இருந்தால் கவனம் சிதறத்தானே செய்யும்?" என்று தோன்றலாம். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபம் அல்ல.

காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 61 பேர் கோமாளியைப் பார்த்திருந்தார்கள். எந்தக் கருவியும் இல்லாமல் தனியே நடந்தவர்களில் பார்த்தவர்கள் 51 பேர். எல்லோரையும்விட அதிகம் பார்த்தவர்கள், இரண்டு பேராகச் சேர்ந்து வந்தவர்கள். நூற்றுக்கு 71 பேர்!

ஆகவே, குற்றம் காதுடையது அல்ல. கண்ணிலும் கோளாறு இல்லை. போன் பேசியவர்கள் யாரும் கண்ணை மூடிக்கொண்டு நடக்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. மனம்தான் அங்கே இல்லை.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று போன் பேசும் தாய்மார்களுக்கு இது நன்றாகப் புரியும். பால் பொங்கி வழிவது கண் எதிரே நடக்கிறது. அடுப்பு அணைந்த பிறகுதான் "ஐயோ!" என்கிறார்கள்.

ஓடாத கார்

பால் பொங்கினால் பால்தான் போகும். சாலையில் போவது உயிர்.

அமெரிக்காவில் யூட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த டேவிட் ஸ்டிரேயர் என்ற பேராசிரியர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நடுரோட்டில் இதைச் சோதிக்க முடியுமா? எனவே அறைக்குள் ஓடாத கார் ஒன்றை வைத்தார்கள். எதிரே திரையில், சினிமாவில் வருவது போலச் சாலை வரும். ஸ்டியரிங், பிரேக் எல்லாம் உண்டு.

போன் பேசிக்கொண்டே ஓட்டியவர்கள் தாமதமாக பிரேக் போட்டார்கள். இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஒன்று உண்டு. ஓட்டுகிறவரின் கண் எந்தப் பக்கம் போகிறது என்பதை ஒரு கருவி குறித்துக்கொண்டே இருந்தது. சாலை ஓரத்து விளம்பரப் பலகைகளை அவர்கள் நேருக்கு நேர் பார்த்தார்கள் என்று அந்தக் கருவி காட்டியது. பிறகு அதே பலகைகளைக் காட்டிக் கேட்டபோது, பல பலகைகளைப் பார்த்த நினைவே அவர்களுக்கு இல்லை!

"நான் எத்தனையோ நாள் பேசிக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். பார்க்காமல் விட்டது எதுவென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கையில் பிடிக்காமல் பேசினால்?

போனைக் கையில் பிடித்துப் பேசியவர்களுக்கும், கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் ஸ்டிரேயரின் சோதனைகளில் வித்தியாசம் காணோம். இரண்டும் ஒன்றுதான். நம் ஊரில் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசுகிறார்களே, அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டில் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், வண்டி ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதைத்தான் குற்றம் என்கிறது. சட்டம் கையைப் பார்க்கிறது. மனத்தைப் பிடிக்க எந்தப் போலீஸ்காரரால் முடியும்?

பக்கத்தில் இருப்பவர் பேசினால்?

"அப்படியானால் காரில் கூட வருபவரோடும் பேசக்கூடாதா?" இந்தக் கேள்விக்கும் ஸ்டிரேயர் குழுவினர் 2008ஆம் ஆண்டில் விடை சொன்னார்கள்.

இரண்டு நண்பர்கள். ஒருவர் அந்த ஓடாத காரை ஓட்டுவார். நெடுஞ்சாலையில் சில மைல் தூரம் போய், வண்டிகள் நின்று இளைப்பாறும் இடம் வந்ததும் உள்ளே திரும்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. வழியில், உயிர் தப்பிய அனுபவங்களைப் பேசிக்கொள்ள வேண்டும்.

நண்பர் பக்கத்து ஸீட்டில் இருந்தபோது, நூற்றுக்கு 12 பேர் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டார்கள். நண்பர் போனில் பேசியபோது தவறவிட்டவர்கள் 50 பேர். சரிபாதி!

காரணம் என்ன? பக்கத்தில் இருப்பவரும் சாலையைப் பார்க்கிறார். நெரிசல் வந்தால் பேச்சைக் குறைக்கிறார். "அதோ, திரும்ப வேண்டிய இடம்" என்று கை காட்டுகிறார். கோமாளியை ஜோடியாக வந்தவர்கள் அதிகம் பார்த்ததற்கும், இப்படி இரண்டு ஜோடிக் கண்கள் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

போனில் இருப்பவருக்கோ சாலை தெரியாது. எதிரே லாரி வருவது தெரியாது. பதில் வரச் சற்றுத் தாமதமானால், "ஹலோ! கேட்கிறதா?" என்று இன்னும் உரக்கக் கூப்பிடுகிறார்.